“பால் கொடுக்கும்வரை தரிக்காது என்கிறார் மாமியார்; உடனே ஆபரேஷன் என்கிறார் நர்சம்மா. நான் யார் பேச்சைக் கேட்பது?”

பண்ருட்டிக்குத் தெற்கே, முந்திரிக்காடுகளுக்கு நடுவிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து 25 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால், அடையாளங்களைத் தவிர்த்து விஷயத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு 4 வயது, இளையவளுக்கு 8 மாதம், இரண்டும் சுகப்பிரசவம். கணவர் சென்னையில் கட்டட வேலை செய்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து, பத்து நாள் தங்கிச் செல்வார். கடைசியாக வந்துபோய் 5 வாரம் ஆகிறது. இளையவள் பிறந்த பிறகு இவருக்கு இன்னும் மாதவிலக்கு வரவில்லை. இரண்டு பிரசவங்களுக்கும் இடையில் ஒருமுறை நாள் தள்ளிப்போனபோது, கணவர் மருந்துக் கடையில் வாங்கி வந்த மாத்திரையைப் போட்டு, 15 நாள் உதிரம் நிற்காமல் போய், கடைசியில் மருத்துவமனையில் சேர்ந்து கர்ப்பப்பையைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. சென்ற மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்த ஹீமோகுளோபின் அளவு 9.2, அதாவது இரத்தசோகை.

மூன்றாவதாக ஓர் ஆண் குழந்தை வேண்டும் என்பது மாமியாரின் விருப்பம். “நான் அஞ்சு பெத்து ரெண்ட வாரிக் குடுத்தவ” என்று அவர் அடிக்கடி சொல்வாராம். பால் கொடுக்கும்வரை கரு தரிக்காது, அதனால் எந்த மருந்தும் வேண்டாம் என்பதும் அவர் வாக்கு. கிராமச் செவிலியரோ, இரண்டும் பெண்ணாக இருப்பதால் ஆபரேஷன் செய்துகொண்டால் குழந்தைகள் பெயரில் அரசுப் பணம் கிடைக்கும், தாமதிக்காதே என்கிறார். கரு தரிக்காமலிருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியை (லூப்) போட்டுக்கொண்ட ஓரகத்தி, உதிரம் அதிகம் போகிறது என்று எடுத்துவிட்டதோடு, அது மெல்ல மேலேறி நெஞ்சுக்குப் போய்விடும் என்றும் பயமுறுத்தியிருக்கிறார். கணவர் போனில் “உன் இஷ்டம்” என்கிறார். அம்மா எதிரில் வாய் திறப்பதில்லை. “எனக்கு இப்போதைக்கு வேண்டாம், அது மட்டும்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆபரேஷனா, லூப்பா, ஊசியா? கணவர் கையெழுத்து வேண்டுமா? மாமியாருக்குத் தெரியாமல் செய்துகொண்டால் அது துரோகமா?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

“இப்போதைக்கு வேண்டாம்” என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதிலேயே இருக்கிறது. “இனி எப்போதும் வேண்டாம்” என்று நீங்கள் எழுதவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உங்களைச் சுற்றியுள்ள யாரும் காதில் வாங்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஒருவர் உடனே பெற்றுக்கொள் என்கிறார், மற்றவர் உடனே நிறுத்திவிடு என்கிறார். இடையில் நீங்கள் நிற்க ஓர் இடம் உண்டு. அதற்கான வழிகள் உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

முதலில் ஒரு சிறுநீர்ச் சோதனை

எந்த முறை என்று யோசிப்பதற்கு முன்னால், இந்த வாரமே கர்ப்பச் சோதனை செய்துவிடுங்கள். பால் கொடுப்பது கருத்தரிப்பைத் தள்ளிப்போடும் என்று உங்கள் மாமியார் சொல்வது முழுப் பொய் அல்ல. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும், மாதவிலக்குத் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் நூறு பெண்களில் ஏறக்குறைய இரண்டு பேருக்குத்தான் அந்த ஆறு மாதத்தில் கரு தரிக்கும். உங்கள் இளையவளுக்கு 8 மாதம் ஆகிறது. இட்லியும் பருப்புச் சோறும் தொடங்கியிருப்பீர்கள். ஆகவே அந்தக் காவல் இப்போது உங்களுக்கு இல்லை. மாதவிலக்கு வராததைப் பாதுகாப்பு என்று எண்ணிவிட வேண்டாம். விலக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்பே முட்டை வெளியாகிவிடும் என்பதால், ஒருமுறைகூட விலக்காகாமலே அடுத்த கர்ப்பம் தரித்து, ஐந்தாம் மாதம் வயிறு தெரிந்த பிறகு என்னிடம் வந்தவர்கள் பலர்.

கணவர் வந்துபோய் 5 வாரம் ஆவதால் இப்போது செய்யும் சோதனையை நம்பலாம். கடைசிச் சேர்க்கைக்குப் பின் 3 வாரம் கடந்திருந்தால் போதும். ஒருவேளை கரு தரித்திருப்பது தெரிந்து, அதைத் தொடர வேண்டாம் என்று நீங்கள் கருதினால், மீண்டும் மருந்துக் கடைப் பக்கம் போகாதீர்கள். சென்ற முறை உங்களுக்கு நேர்ந்ததைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு பதறியது. கருக்கலைப்பு 1971ஆம் ஆண்டின் சட்டப்படியும் அதன் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படியும் நம் நாட்டில் முறையாகச் செய்துகொள்ளத்தக்கது. 20 வாரம் வரை, பதிவு பெற்ற ஒரு மருத்துவர் உங்கள் உடல்நலத்தையும் மனநலத்தையும் கருதி முடிவு செய்யலாம். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதம் ஒன்றே போதும். ஹீமோகுளோபின் 9.2 உள்ள ஒருவர் வீட்டில் தனியாக இருந்துகொண்டு அந்த மாத்திரையைப் போட்டு, 15 நாள் உதிரம் போவது உயிருடன் விளையாடுவதாகும்.

ஆபரேஷனுக்கு இப்போது என்ன அவசரம்?

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை கெட்டதல்ல. ஆபரேஷன் செய்துகொண்டால் களை வெட்ட முடியாது, உடம்பு ஊதிவிடும் என்றெல்லாம் நம் ஊர்களில் சொல்லப்படுவதில் உண்மை இல்லை. அது கருக்குழாயைத்தான் கட்டுகிறது. சூலகத்தையோ கர்ப்பப்பையையோ தொடுவதில்லை, விலக்கும் வழக்கம்போல் வரும். குழந்தை போதும் என்று உறுதியாக முடிவு செய்தவருக்கு அது நல்ல வழி. ஆனால் அது திரும்பாத வழி. மறுபடி இணைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது பெரிய அறுவை சிகிச்சை, பலன் நிச்சயமில்லை.

நம் மாவட்டத்துக்கு இதை வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர், நாகப்பட்டினம் கடலோரக் குப்பங்களில் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனபோது, அந்தத் தாய்மார்களில் பலர் முன்பே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அரசே செலவை ஏற்று, கருக்குழாயை மறுபடி இணைக்க ஏற்பாடு செய்தது. சிலர் மீண்டும் தாயானார்கள், சிலருக்குக் கைகூடவில்லை. உங்கள் மாமியார் இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவர் என்பதை நினைத்துப் பாருங்கள். அவர் ஆண் குழந்தை கேட்பதில் ஆசையோடு பயமும் கலந்திருக்கிறது. அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். அதே சமயம், அவர் காலம் வேறு. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 13 குழந்தைகளே ஒரு வயதுக்குள் இறக்கின்றன. தடுப்பூசியும் 108 வண்டியும் இருக்கும் காலத்தில் வளரும் உங்கள் மகள்களை, அந்தக் கால நிலவரத்தை வைத்து எடைபோட வேண்டியதில்லை.

மூன்றாவது ஆணாகத்தான் பிறக்கும் என்பதற்கும் எந்த உறுதியும் இல்லை. முதல் இரண்டும் பெண் என்பதால் மூன்றாவது மாறும் என்று எந்தக் கணக்கும் கிடையாது, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ சரிபாதி வாய்ப்புத்தான். குழந்தை ஆணா பெண்ணா என்பது கணவரிடமிருந்து வரும் விந்தணுவைப் பொறுத்தது. உங்கள் மேல் யாரும் குறை சொல்ல இடமில்லை. நீங்களே மனமார மூன்றாவது குழந்தையை விரும்பினாலும், ஒரு பிரசவத்துக்கும் அடுத்துக் கரு தரிப்பதற்கும் இடையே குறைந்தது இரண்டு ஆண்டு வேண்டும். இரத்தம் 9.2 இருக்கும் உங்களுக்கு அந்த இடைவெளி மிக மிக அவசியம்.

இனி அரசுப் பணம் பற்றி. செவிலியர் குறிப்பிடுவது முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம். இரண்டு பெண் குழந்தைகள் மட்டும் உள்ள, ஆண் குழந்தை இல்லாத குடும்பத்தில், ஒவ்வொரு பெண் பெயரிலும் 25,000 ரூபாய் வைப்புத்தொகை போடப்படும். நல்ல திட்டம்தான். ஆனால் உங்களிடம் சொல்லப்படாத இரண்டு செய்திகள் உண்டு. இரண்டாவது குழந்தைக்கு மூன்று வயது ஆவதற்குள் விண்ணப்பித்தால் போதும். ஆக உங்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. அடுத்தது, அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டியவர் பெற்றோரில் ஒருவர். அது தாயாகத்தான் இருக்க வேண்டும் என்று திட்டம் சொல்லவில்லை. 40 வயதுக்குள் கணவர் செய்துகொண்டாலும் பொருந்தும். வருமான வரம்பையும் தேவையான சான்றுகளையும் கடலூரிலுள்ள மாவட்ட சமூக நல அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த 50,000 ரூபாய்க்காக மட்டும், மனம் ஒப்பாத ஓர் அறுவை சிகிச்சைக்கு 25 வயதில் படுக்காதீர்கள். முப்பது வயதுக்கு முன் செய்துகொண்டவர்களே பின்னாளில் அதிகம் வருந்துகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. என் அனுபவமும் அதுவே.

காப்பர்-டி, ஊசி, மாத்திரை

காப்பர்-டி என்னவென்று தெரியாமலே பயப்படுகிறவர்கள்தான் அதிகம் என்பதால், என் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒன்று வைத்திருப்பேன். கேட்கும் பெண்ணின் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன். மூன்றரை சென்டிமீட்டர் நீளம். வெள்ளைப் பிளாஸ்டிக் தண்டில் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும், அடியில் இரண்டு நைலான் இழைகள். சென்ற ஆண்டு, முந்திரிக் கொட்டை உடைக்கும் ஒரு பெண் அதைத் தொட்டுப் பார்த்தார். கொட்டைப் பால் பட்டுப் பட்டு அவர் விரல்நுனிகள் கறுத்து, ரேகையே தெரியாமல் வழவழப்பாகிவிட்டிருந்தன. “இம்மாத்தூண்டா?” என்று கேட்டார். அவருக்குள் ஏற்கெனவே ஒன்று இருந்தது. பிரசவமான மறுநாளே போட்டுவிட்டிருக்கிறார்கள், சம்மதப் படிவத்தில் அவர் கைநாட்டும் இருக்கிறது, படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. இரண்டு ஆண்டுகள் அவர் அடிவயிற்று வலிக்குக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி நடந்ததை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் பிழை அந்தக் கருவியுடையது அல்ல, சொல்லாமல் போட்டவர்களுடையது.

காப்பர்-டி கர்ப்பப்பையை விட்டு நெஞ்சுக்கு ஏறாது. அதற்கு வழியே கிடையாது. அரிதாகக் கீழே நழுவி வெளியேறுவதுண்டு. பிரசவமானவுடன் போட்டால் அந்த வாய்ப்புச் சற்றுக் கூடுதல். மிக அரிதாகப் போடும் நேரத்தில் கர்ப்பப்பைச் சுவரைத் துளைக்கலாம். இழையை விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்வதும், ஆறு வாரம் கழித்து ஒருமுறை காட்டுவதும் அதனால்தான். 380ஏ என்ற வகை 10 ஆண்டுக்கும், 375 என்ற வகை 5 ஆண்டுக்கும் வேலை செய்யும். வேண்டாம் என்றால் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம், எடுத்த மாதமே கரு தரிக்கலாம். முதல் ஆண்டில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே அது தவறுகிறது. ஆபரேஷனுக்கு மிக நெருங்கிய காவல் இது.

உங்கள் ஓரகத்தி சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. காப்பர்-டி போட்ட முதல் சில மாதம் விலக்கு நாட்களில் உதிரம் கூடுதலாகப் போகும். இரத்தசோகை இருப்பவருக்கு இது போடவே கூடாது என்பதல்ல, ஆனால் யோசித்துப் போட வேண்டும். உங்கள் விஷயத்தில் நான் தயங்குவது இந்த ஓர் இடத்தில்தான்.

அந்தரா என்று அரசு தரும் ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பாலுக்குக் கெடுதல் இல்லை. பிரசவித்து ஆறு வாரம் கடந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம். தொடக்கத்தில் திட்டுத்திட்டாகக் கறை படும், போகப்போக விலக்கே வராமல் நின்றுவிடலாம். ‘கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடும்’ என்று கிராமத்தில் பயப்படுவார்கள். தங்குவதற்கு அங்கே ஒன்றும் உருவாகவே இல்லை என்பதே உண்மை. இரத்தசோகை உள்ளவருக்கு அது இலாபம். ஊசியை நிறுத்திய பிறகு மீண்டும் கரு தரிக்க, கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் ஆகலாம். இந்தத் தாமதத்தைப் பார்த்துத்தான் ‘ஊசி போட்டால் மலடாகிவிடும்’ என்ற பேச்சு கிளம்பியது.

சாயா மாத்திரையில் ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றது, உதிரத்தையும் குறைக்கும். நாள் தவறாமல் போட வேண்டும் என்பதே சிரமம். தினமும் போடும் மாலா-என் மாத்திரையைக் குழந்தைக்கு ஆறு மாதம் ஆன பிறகு எடுக்கலாம், ஆனால் இரத்த அழுத்தமோ, கண் மின்னலோடு வரும் ஒற்றைத் தலைவலியோ இருந்தால் கூடாது.

நீங்கள் கேட்டதால் என் சாய்வைச் சொல்கிறேன். சோதனையில் கரு இல்லை என்று தெரிந்தால், இப்போது அந்தரா ஊசியைத் தொடங்குங்கள். போட்ட முதல் ஏழு நாள் கணவர் ஊரில் இருந்தால் ஆணுறையும் வேண்டும். அதோடு இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும், டீ காபியோடு சேர்க்காமல், எலுமிச்சைச் சாறோடு எடுத்து வாருங்கள். ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டிய பிறகு, விரும்பினால் காப்பர்-டிக்கு மாறுங்கள். கணவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே வருகிறார், எதற்கு மருந்து என்று மாமியார் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் என்று வருவார் என்று உடம்புக்கு முன்கூட்டித் தெரியாது. முகூர்த்தத்துக்கோ காரியத்துக்கோ திடீரென்று வந்து நிற்கும் நாளுக்கும் காவல் வேண்டும். தினமும் நினைவு வைக்கத் தேவையில்லாத முறைகளை நான் சொல்வது அதனால்தான். என் சாய்வு உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால், வேறு ஒன்றைத் தயங்காமல் கேளுங்கள்.

கணவருக்கும் ஒரு வார்த்தை

“உன் இஷ்டம்” என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சுமை முழுவதும் அதற்குப் பிறகும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறக்குறைய 58 விழுக்காட்டினர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் 0.1 விழுக்காடு, அதாவது ஆயிரத்துக்கு ஒன்று. தழும்பில்லாத ஆண் அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து வேண்டாம், அந்த இடத்தை மரத்துப்போகச் செய்தால் போதும். கத்தியால் கிழிக்காமல் கால் மணி நேரத்துக்குள் முடியும். பெண்ணுக்குச் செய்வதைவிட ஆபத்துக் குறைவு. சாரம் ஏறவும் மூட்டை தூக்கவும் ‘பலம் போய்விடும்’ என்பது கற்பனை. செய்த பிறகு மூன்று மாதம் ஆணுறை போட்டு, விந்துச் சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். 1975–77 நெருக்கடிநிலைக் காலத்தில் ஆண்களைக் கட்டாயப்படுத்திச் செய்ததன் வடு இன்னும் ஆறவில்லை என்பதை அறிவேன். இரண்டு ஆண்டு கழித்துக் குழந்தை போதும் என்று இருவரும் முடிவு செய்தால், அப்போது யார் செய்துகொள்வது என்ற கேள்வியை நீங்கள் அவர் முன் வைக்கலாம்.

யார் கையெழுத்து, யாருக்குத் தெரிய வேண்டும்

காப்பர்-டிக்கோ ஊசிக்கோ கணவர் கையெழுத்துத் தேவையில்லை. பெண் ஆபரேஷனுக்கும் அரசு விதிப்படி உங்கள் சம்மதம் மட்டுமே வேண்டும். வழக்கத்தில் சில இடங்களில் கேட்கிறார்கள் என்பது வேறு. 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் முகாமில் பெண்கள் இறந்த பிறகு, 2016இல் உச்ச நீதிமன்றம் முகாம் நடத்தி ஆபரேஷன் செய்யும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னதோடு, அறுவை சிகிச்சையின் விளைவுகளைப் பெண்ணுக்கு அவருடைய மொழியில் விளக்கிய பிறகே சம்மதம் வாங்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஆபரேஷனுக்கு ஒப்பவில்லை என்பதற்காகக் குழந்தையின் தடுப்பூசியையோ உங்கள் சிகிச்சையையோ மறுக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. நீங்கள் அஞ்சுவதைப்போலச் செவிலியர் உங்களுக்கு எதிரியும் அல்ல. வெயிலில் ஊர் ஊராக நடந்து, உங்கள் கர்ப்பத்தைப் பதிந்து, இரத்தம் குறைவு என்று கண்டுபிடித்ததும் அவர்தான். “ஆபரேஷன் இப்போது வேண்டாம், அந்தரா பற்றிச் சொல்லுங்கள்” என்று நேராகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர் மகிழ்ச்சியோடு அட்டை எழுதிக் கொடுப்பார். வீட்டில் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரகசியம் காப்பது அவர் கடமை.

மாமியாருக்குத் தெரியாமல் செய்வது துரோகமா என்ற கேள்வியை இரண்டு முறை எழுதி, ஒருமுறை அடித்திருக்கிறீர்கள். துரோகம் இல்லை, சகோதரி. ஆயினும் ஊசி போட்ட தொடக்கத்தில் கறை படுவதை ஒரே வீட்டில் இருப்பவர் கவனிப்பார். கேட்கும்போது பொய் சொல்லித் தடுமாறுவதைவிட, “இரத்தம் ஏறும்வரை இரண்டு வருஷம் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறார்கள்” என்று சொன்னால் அது முழு உண்மையும்கூட. இதைக் கணவரே தன் தாயிடம் சொல்வது இன்னும் நல்லது. அடுத்த முறை அவர் வருவதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் சோதனையும் முதல் ஊசியும் முடிந்திருக்கட்டும். வந்த பிறகு அந்த 9.2 என்று எழுதிய சீட்டை அவர் கையில் கொடுங்கள், சென்ற முறை மருத்துவமனையில் உங்கள் பக்கத்தில் இருந்தவர் அவர்தானே.